இரண்டு அட்டை

எங்கள் பக்கம் அட்டை என்றால் இரண்டு.
ஒன்று, தேயிலைத் தூரில் காத்திருந்து காலில் ஏறுவது.
மற்றது, பால்மாப் பெட்டியைப் பிரித்து
இரவில் நான் ஜீப்புக்கடியில் விரிப்பது.
விடியும்போது
ஒன்று ஊதியிருக்கும்,
மற்றது ஊறியிருக்கும்.

போன கிழமை ஐந்து சொட்டு.
இன்று எண்ண முடியவில்லை.
ஒரே வட்டம், சோற்றுத் தட்டளவு.

குவைத்தில் ஆறு வருஷம்
யாருடையவோ குளியலறையைத் தேய்த்து
வாங்கிய லேண்ட் ரோவர்.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
ஒயில் ஊரில் உழைத்த காசு
ஒயிலாகவே சொட்டுகிறது.
ஓட்டுவது இவர், ஞானப்பிரகாசம்.
கணக்குக் கொப்பி என்னிடம்:
மேற்கணக்கிலிருந்து பொகவந்தலாவைக்கு
ஆளுக்கு இவ்வளவு,
லீக்ஸ் மூட்டைக்கு இவ்வளவு,
பிரசவ வலிக்கு வாங்குவதில்லை.
கியர் ஒயில் மட்டும் மூன்று பக்கம்.
கொழுந்து மடுவத்தில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பதைப் போல
இரவுக்கிரவு இந்த வண்டி
என்னிடம் கழித்துக்கொண்டிருந்தது.

போனால் ஊற்றலாம்.
போகும் இடம்தான் பிழை.
ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாசலில்
ஹேண்ட் பிரேக் ட்ரம்.
அதற்குள் இறங்கி ஊறிவிட்டால்
லீவரைத் தோள்வரை இழுத்தாலும்
சரிவு சொல்வதைத்தான் வண்டி கேட்கும்.
போன வியாழன், கோயில் வளைவில்,
பன்னிரண்டு பேரோடு
பின்னால் நாலடி போனோம்.
மருதாயி மகன் குதித்துக் கல் வைத்தான்.
அந்தக் கல் அன்றிலிருந்து
சீட்டுக்கடியில் சும்மா பயணம் போகிறது.

ஹட்டன் கடையில் நிஹால்
சீலைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.
"ஒரிஜினல்" என்றார், சிரிக்காமல்.
மாற்றினோம். ஒழுகியது.
இன்னொன்று.
அதுவும்.

மூன்றாம் தடவை, ஞாயிறு, தகரத்தில் மழை.
இவர் மல்லாந்து கிடக்க
நான் டோர்ச் பிடித்தேன்.
ஷாஃப்ட்டை இறக்கி, ட்ரம்மை உருவி,
ஃப்ளேஞ்சை என் கையில் தந்தார்.
துடைத்து, நகத்தை ஓட்டினேன்.
ஓரிடத்தில் நகம் இடறியது.
அடகுக்குப் போன மோதிரம்
என் விரலில் விட்ட தடம் போல
சுற்றிவர ஒரு பள்ளம்.

"புது சீலும் பழைய பள்ளத்திலேயே உட்காருதுங்க."

இவர் ஒன்றும் சொல்லவில்லை.
இருபது வருஷத்தில் அதுதான் ஆமாம்.
இந்த முறை முழுக்க அடிக்காமல்
ஒரு நூல் வெளியே நிறுத்தினார்,
உதடு தேயாத இரும்பில் படும்படி.
பலகைத் துண்டு வைத்து
சுற்றிச் சுற்றி, மெதுவாக,
தூங்கும் பிள்ளையைத் தட்டுவதை விட மெதுவாக.

எனக்கு அப்படியும் ஆறவில்லை.
மேலே கைவிட்டுத் தடவினேன்,
கேஸ் மூச்சு விடும் துளையை.
பித்தானளவு மூடி. அசையவில்லை.
சாக்கூசியால் குத்தியதும் உதிர்ந்தது
மண்குளவி கட்டிய வீடு.
உள்ளே காய்ந்த சிலந்தி, அதன் பிள்ளைக்கு வைத்த சோறு.
ஓடி ஓடிச் சூடேறிய காற்று
வேறு வழியில்லாமல்
ஒயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறியிருக்கிறது.
ஜன்னலில்லாத அறையில்
ஆறு வருஷம் படுத்தவளுக்கு
இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

ஊறிய ஷூ இரண்டையும்
அடுப்பில் வாட்டினேன். புகை வீடு முழுக்க.
ராத்திரி ரொட்டியிலும் அந்த மணம்.
பிள்ளைகள் சம்பலை மட்டும் நக்கிவிட்டுப் படுத்தார்கள்.

புது அட்டை விரித்தேன்.
சங்கு ஊதுமுன் இவர் குனிந்து பார்த்தார்,
பின் நான்.
ஒரே சொட்டு.
நடுவில் இல்லை, ஓரத்தில். சிவப்பு.
தொட்டு மோந்தேன். ஒயில் இல்லை.
நிமிர்ந்து இவர் கணுக்காலைப் பார்த்தேன்.

மற்ற அட்டை.

கொப்பியில் அதை எழுதவில்லை.
கல்லை மட்டும்
இன்னும் இறக்கவில்லை.